சுத்தப் பிரதி

11.09.2017, திங்கள்

இந்தக் கொப்பியை முதியோர் இல்லத்துத் தாதி இங்கெர் தந்தாள். நீல மட்டை, நூற்றிருபது பக்கம், கோடு போட்டது. பார்த்தன் அண்ணை நோர்வேஜிய மொழியை மறந்துகொண்டு வருகிறாராம். தமிழில் அவர் சொல்வது தங்களுக்கு விளங்கவில்லை, வாரத்தில் இரண்டு முறை வருகிறவன் நீதானே, திகதி போட்டு எழுதிவை என்றாள். எழுதச் சொன்னால் நான் மறுப்பவனில்லை. இயக்கத்தில் எனக்குப் பெயரே கிளாக்கர்.

எனக்குப் பிறகு யாராவது வாசித்தால் விளங்கவேண்டும். ஆகவே சில விபரங்கள்.

பார்த்தன்: எங்கள் இயக்கத்தின் இராணுவப் பொறுப்பாளர். இயக்கத்தின் பெயர் இங்கே வேண்டாம், இன்று அதைச் சொன்னால் தெரிந்தவர்கள் பத்துப்பேர் இருந்தால் அதிகம். எண்பத்தாறு கடைசியில் எங்களைவிடப் பெரிய இயக்கமொன்று மூன்று நாளில் எங்களை அடித்து முடித்தது. மத்திய குழுவில் ஏழுபேர். நாலுபேர் அங்கேயே போனார்கள். மிச்சம் மூன்றுபேரும் வள்ளத்தில் வேதாரணியம், பிறகு மெட்ராஸ், பிறகு இந்த ஊர். நோர்வேயின் வட நுனி, மரம் முளைக்காத இடம். முந்நூறு பேருக்குக் கட்டளையிட்ட மனிதர் இங்கே மீன் பக்டரியில் இருபத்தாறு வருடம் கொட் மீனுக்கு முள் எடுத்தார். நான் பக்கத்தில் நின்று தோல் உரித்தேன். மூன்றாமவர் டொக்டர். அவர் டொக்டர் இல்லை, முதலுதவி மூன்று மாதம் படித்து இயக்கத்துக்கு வைத்தியம் பார்த்தவர். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பார்த்தன் அண்ணைக்கு வயது அறுபது. இல்லத்துக் கோப்பில் ஐம்பத்து மூன்று. கோப்பில் இருக்கும் பெயரும் பார்த்தன் அல்ல. இந்த வயதில் மறதிநோய் வருவது அபூர்வம் என்று வைத்தியர் பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் எழுதியிருக்கிறார். அந்த ஏழு வருட வித்தியாசத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இன்று சொன்னவை: "குளிருது." "ஆர் வாசலில?" "அறிக்கை வந்திட்டுதா?"

18.09.2017, திங்கள்

இன்று சொன்னது: "அறிக்கை வந்திட்டுதா?" ஐந்து முறை. அதற்கு அர்த்தம் என்னவென்று இங்கெர் கேட்டாள். வானிலை அறிக்கையைக் கேட்கிறார் என்று சொன்னேன்.

05.11.2017, ஞாயிறு

தமிழர் இந்த ஊருக்கு வந்து முப்பது வருடம் என்று சங்கம் மலர் வெளியிடப் போகிறது. முதலில் வந்தவர்களின் பட்டியலை என்னிடம் கேட்டார்கள். பெயர் மட்டும் போதும் என்றார்கள். வெறும் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தகப்பன் பெயர், பிறந்த ஊர், பிறந்த திகதி எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டுப் பேருக்கும் எழுதி, விசாரிக்க என்று என் தொலைபேசி இலக்கத்தையும் அடியில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வெட்டுக் கிடையாது, ஒரு அடித்தல் கிடையாது.

டொக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உம்மட கையில ஒரு பேனையைக் குடுத்தால் பிரேதத்துக்கும் அடையாள அட்டை அடிச்சுக் குடுப்பீர், கிளாக்கர்."

பார்த்தன் அண்ணையின் வரி இது: வல்லிபுரம் ஞானசீலன், அம்பன், 19.10.1963. இந்த நாட்டில் முப்பது வருடமாக அவருக்கு அந்தப் பெயர்தான். கை பழகிய பெயர், யோசிக்காமல் எழுதினேன்.

20.01.2018, சனி

இயக்கம் தொடங்கிய நாள். மத்திய குழுக் கூட்டம் டொக்டர் வீட்டில் நடந்தது. வருகை: இருவர். வராதவர்: ஒருவர் (சுகவீனம்). இரண்டு நிமிட மௌனம். பிறகு புட்டும் மீன் தலைக் கறியும். கூட்டக் குறிப்பு வழமைபோல நான்.

போன வருடம்வரை பார்த்தன் அண்ணை தலைமை தாங்கினார். சாப்பிடமுதல் "வேற ஏதும் அலுவல் இருக்கோ?" என்று எங்களைப் பார்த்துக் கேட்பார். முப்பது வருடமாக ஒரு அலுவலும் இருந்ததில்லை. இன்று அதைக் கேட்க ஆளில்லாதது எனக்குக் கவலையாக இருந்தது.

03.04.2018, செவ்வாய்

மத்தியானம் கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. வைபரில் தெரியாத இலக்கம், இலங்கை இலக்கம்.

"வணக்கம் அண்ணை. நான் அம்பனில இருந்து தவமலர் கதைக்கிறன். உங்கட சங்கத்து மலர் இன்ரநெற்றில வந்தது. அதில உங்கட நம்பர் கிடந்தது."

"சொல்லுங்கோ பிள்ளை."

"வல்லிபுரம் ஞானசீலன் எண்டு எழுதியிருக்கிறியள். அப்பான்ர பேர் சரி. பிறந்த திகதி சரி. அவர் என்ர அண்ணா. முப்பத்திரண்டு வருசமாத் தேடுறம். அண்ணை, அவர் உயிரோடயோ இருக்கிறார்?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவருக்குச் சுகமில்லை," என்றேன். "மறதி வருத்தம். ஆக்களைத் தெரியாது. இல்லத்தில வைச்சுப் பாக்கினம்."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவேயில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. அழத் தொடங்கிவிட்டாள். பின்னால் ஒரு கிழவியின் குரல், "என்னவாம் பிள்ளை, என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

கறி அடிப்பிடித்துவிட்டது. சட்டியை ஊறவைத்திருக்கிறேன்.

04.04.2018, புதன்

நான்கு முறை அழைப்பு. எடுக்கவில்லை. சட்டி இன்னும் ஊறுகிறது.

22.04.2018, ஞாயிறு

டொக்டருக்குச் சொன்னேன். காரை நிறுத்தவும் மறந்து, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வாசலிலேயே நின்று ஏசினார்.

"உமக்கு விசரே? ஊரும் திகதியும் போட்டு எழுதச் சொல்லி உம்மை ஆர் கேட்டது?"

"பட்டியல் எண்டால் முழுசா இருக்கவேணும்."

"முழுசா! முழுசாக் குடுத்துத்தானே எல்லாரையும் முழுசா முடிச்சம்."

ஞானசீலன் யார் என்று இங்கே எழுதத்தான் வேண்டும். இயக்கத்தில் அவனுக்குப் பெயர் ரொபின். எண்பத்தாறு ஆனி, அதாவது ஜூன், பதினேழாம் திகதி, இருபத்திரண்டு வயதில், இயக்கம் அவனுக்கு மரணதண்டனை கொடுத்தது. சொல்லாமல் முகாமைவிட்டு வெளியே போய், மூன்று நாள் தொடர்ந்து ஆமிக் காம்புக்குக் கிட்ட பஸ்ஸால் இறங்கியதாக அறிக்கை இருந்தது. உளவாளி என்று மத்திய குழு முடிவெடுத்தது. எல்லாம் முறைப்படி நடந்தது. அந்த அறிக்கையை யார் எழுதினார்கள் என்பது இங்கே அவசியமில்லை.

இனிப் பெயர் விஷயம். இயக்கத்துக்கு வருகிற பிள்ளை தன் பிறப்புச் சான்றிதழை என்னிடம் தந்துவிட்டு, புதுப் பெயரொன்றை எடுத்துக்கொண்டு போகும். நாங்கள் அழிந்த அன்று பதிவேட்டை எரித்தேன். சான்றிதழ்களை எரிக்க மனம் வரவில்லை. பிஸ்கற் ரின்னில் போட்டுக்கொண்டு வள்ளம் ஏறினேன். மெட்ராஸில் கடவுச்சீட்டுச் செய்யும்போது பார்த்தன் அண்ணை சொன்னார்: "ஆளில்லாத ஒண்டைத் தாரும், கிளாக்கர்." ஆளில்லாதவை பதினொன்று இருந்தன. நான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

பதினொன்றில் ஏன் அதைக் கொடுத்தீர் என்று டொக்டர் இன்று கேட்டார். மற்றவை கசங்கியிருந்தன என்றேன்.

பார்த்தன் அண்ணையின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தொடங்கியவர்கள் சான்றிதழ் தரவில்லை. முந்நூறு பேரின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் இன்றைக்கும் மனப்பாடம். அவருடையது மட்டும் தெரியாது.

08.07.2018, ஞாயிறு

தவமலர் ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறாள். இப்போது நானும் எடுத்துக் கதைக்கிறேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், கலியாணம் கட்டவில்லை, தாயோடு இருக்கிறாள். தாய்க்கு எண்பத்தெட்டு வயது, கண் தெரியாது, காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

பட்டியலோடு மலரில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாளாம். "முகம் மாறிப்போச்சு அண்ணை. ஆனா அந்தக் காது என்ர அண்ணான்ர காதுதான்," என்றாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இன்று அவள் சொன்ன கதை இது.

"நான் அப்பதான் பெரியபிள்ளையானது. சாமத்திய வீட்டுக்கு அண்ணா கட்டாயம் வாறன் எண்டவர். சட்டை கொடிகாமத்தில தைப்பிச்சுக் கொண்டு வாறன், அம்மாவை வேற தைக்கக் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லு எண்டு ஆளனுப்பினவர். அவர் வரேல்லை. ஒரு மாதம் கழிச்சுத் தையல்கார மாமி தானே சட்டையைக் கொண்டு வந்து தந்தவ. நான் அதைப் போடேல்லை. அம்மா மூண்டு தரம் உங்கட காம்ப் வாசலுக்குப் போய் நிண்டவ."

"என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"என்னது அண்ணை?"

"சட்டை."

"அரக்கு. ஏன் கேக்கிறியள்?"

சும்மா கேட்டேன் என்றேன். அரக்குத்தான். எனக்குத் தெரியும்.

12.07.2018, வியாழன்

"அறிக்கை வந்திட்டுதா?" என்று கேட்டார். பத்து மாதமாக இந்தக் கேள்விக்கு நான் பேச்சை மாற்றிவிடுவேன். இன்று என்ன வந்ததோ, பதில் சொன்னேன்.

"இன்னும் வரேல்லை அண்ணை."

மணிக்கூடு இல்லாத கையைத் திருப்பிப் பார்த்தார். என்னை இன்னாரென்று அவருக்கு இப்போது தெரியாது.

"ஆறு மணி மட்டும் பாப்பம். மற்றவங்கள் நெருக்கிறாங்கள். ஆறுக்குப் பிறகு என்னால மறிக்கேலாது. தையல்கடைக்காரி வந்தவளாம் எண்டு கேள்வி. கிளாக்கர் எழுதிக்கொண்டு வருவான். அவன் வருவான்."

இங்கெர் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

முப்பத்திரண்டு வருடம் நான் ஒரு நினைப்பிலே உயிர் வாழ்ந்தேன்: அந்த மனிதர் எப்படியும் சுட்டிருப்பார், அறிக்கை வந்தாலும் சுட்டிருப்பார் என்ற நினைப்பு. அவர் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

25.11.2018, ஞாயிறு

சூரியன் போய்விட்டது. இனி ஜனவரியில்தான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

ஏப்ரலில் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். அவசியமில்லை என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறேன். அவசியம். ரொபினை உளவாளி என்று சொன்ன அறிக்கையை எழுதியது நான். கண்டவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன், கூட்டி எழுதவில்லை. ஆனால் நன்றாக எழுதினேன். வாசித்தவர்களுக்குச் சந்தேகமே வராத மாதிரி எழுதினேன்.

இரண்டாவது அறிக்கையும் நான்தான். பதினேழாம் திகதி மத்தியானம் தையல்கார அக்கா தானாகவே எங்கள் காரியாலயத்துக்கு வந்தாள். கையில் அரக்குச் சட்டை. "அந்தத் தம்பி எடுக்க வரேல்லை, அதுதான் கொண்டு வந்தன்," என்றாள். மூன்று நாளும் அவன் அவளுடைய கடை வாங்கில் குந்திக் காத்திருந்தானாம். கை வைத்த அளவு பிழைத்து, பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டி வந்ததாம். அவளுடைய கடைக்குப் பஸ் நிற்கும் இடம் ஆமிக் காம்புக்குப் பக்கத்துத் தரிப்பு. நான் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அவசரத்தில் எழுதியதால் நிறைய வெட்டு. சட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

எங்கள் இயக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெட்டிக்கொத்திய அறிக்கையைப் பார்த்தன் அண்ணை கையில் எடுக்கமாட்டார். ஒருமுறை ஏரியாப் பொறுப்பாளர் ஒருவரின் அறிக்கையை எல்லோருக்கும் முன்னால் கிழித்து அவருடைய கையிலேயே கொடுத்தார். "இந்தக் குப்பையை வைச்சே நான் ஒரு மனுசனைப் பற்றி முடிவெடுக்கிறது?" என்று கேட்டார். அன்றிலிருந்து எல்லோரும் சுத்தப் பிரதி எடுத்தோம். என்னுடைய பிரதியைத்தான் மற்றவர்களுக்கு மாதிரி என்று காட்டுவார். எனக்கு அதில் பெருமை.

காபன் தாள் வைத்து மூன்று பிரதிக்குச் சுத்தமாக எழுதத் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ஒரு எழுத்துப் பிழைத்தது. 'அளவு' என்று எழுதப்போய் 'அழவு' என்று எழுதிவிட்டேன். ஒரு எழுத்துத்தானே என்று விட்டிருக்கலாம். மூன்று தாளையும் உருவிப் போட்டுவிட்டு அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன்.

ஏழு மைல் சைக்கிள். தென்னந்தோட்டத்து முடக்கில் வரும்போது வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. நான் போய்ச் சேர்ந்தது ஆறு பத்துக்கு. பார்த்தன் அண்ணை இரண்டு பக்கத்தையும் நின்றபடி வாசித்தார். என்னிடம் திருப்பித் தந்தார்.

"கோப்பில போடும்," என்றார்.

28.11.2018, புதன்

டொக்டருடைய காருக்குப் பனிக்காலச் சில்லு மாற்றினோம். இடது முழங்கால் நோகிறது. அந்தச் சுத்தப் பிரதிக் கதையை நான் டொக்டருக்கு இன்னும் சொல்லவில்லை.

20.01.2019, ஞாயிறு

மத்திய குழுக் கூட்டம். வருகை: இருவர். இன்று சூரியன் ஏழு நிமிடம் தெரிந்தது. தவமலர் எடுத்தாள். தாய்க்கு நெஞ்சில் சளி கட்டி, சாப்பாடு இறங்கவில்லையாம்.

"கதைக்கத் தெரியாட்டிலும் பரவாயில்லை அண்ணை. ஒருக்காக் குரலைக் கேட்டால் போதும் எண்டு படுக்கையில கிடந்து கேக்கிறா. ஒரு நிமிசம்."

டொக்டர் பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்டார். போனை வைத்ததும், "கதைக்கக் குடும், கிளாக்கர்," என்றார். "சாகக் கிடக்கிற மனுசி. உவர் வாயைத் திறந்து என்னத்தையாவது புலம்பட்டும். அது கேட்டுட்டு நிம்மதியாக் கண்ணை மூடும். உண்மையைச் சொல்லி இப்ப ஆருக்கு என்ன வரப்போகுது?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதை மறைக்க விரும்பவில்லை.

27.01.2019, ஞாயிறு

பத்தரை மணிக்கு இல்லத்துக்குப் போனேன். இங்கெர் அவருக்குச் சவரம் செய்து நல்ல சேட்டுப் போட்டுவிட்டிருந்தாள். தாய் கதைக்கப் போகிறாள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். அவள் கண் கலங்கினாள்.

படம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று தவமலருக்குச் சொன்னேன். போனை அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன்.

"அப்பன்," என்றது அந்தக் குரல். பிறகு இருமல். "ராசா. நான் அம்மா கதைக்கிறன்."

பார்த்தன் அண்ணை கதிரையிலிருந்து எழும்பினார். இரண்டு மாதமாக ஆள் பிடிக்காமல் எழும்பாத மனிதர். கழுத்துப் பொத்தானைத் தேடிப் பூட்டினார். முதுகை நிமிர்த்தினார்.

"எந்தப் பிள்ளையின்ர அம்மா?" என்று கேட்டார்.

"ஞானசீலன்ர அம்மா, ராசா. உன்ர அம்மா."

"பிள்ளை வெளியில போயிருக்கிறார் அம்மா. வந்தவுடன அனுப்பிவைக்கிறன். வெயிலுக்க நிக்காதேங்கோ. போயிற்று வாங்கோ."

மரியாதையான, தாழ்ந்த குரல். ஒரு சொல் தடக்கவில்லை. சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

அந்தப் பக்கத்தில் தவமலர், "அம்மா, அம்மா," என்று கூப்பிடுவது கேட்டது. பிறகு கிழவி கதைத்தாள். இருமல் நின்றிருந்தது.

"இது என்ர பிள்ளை இல்லை."

"அம்மா, அண்ணாவுக்கு மறதி. அவர்—"

"எனக்குக் கண்தான் தெரியாது. இது என்ர பிள்ளை இல்லையடி. இது அண்டைக்கு வாசலில நிண்டவன். மூண்டு தரமும் இதைத்தான் சொன்னவன். வெயிலுக்க நிக்காதேங்கோ எண்டு சொன்னவன்."

தவமலர் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கவேண்டும், கோழிச் சத்தம் கேட்டது. "குறை நினைக்காதேங்கோ அண்ணை. அம்மாவுக்கு வயசு போய் அறளை பேந்திட்டுது," என்றாள். நான் பரவாயில்லை பிள்ளை என்றேன்.

அந்தத் தாய் மூன்று முறை வந்ததை வாசல் புத்தகத்தில் பதிந்தவன் நான். ஆனி இருபது, ஆனி இருபத்தாறு, ஆடி நாலு. மூன்று முறையும் அவன் மண்ணுக்குள் இருந்தான். 'தாய் வந்து போனார்' என்று எழுதினேன்.

போகும்போது இங்கெர், தாய் சந்தோஷப்பட்டாளா என்று கேட்டாள். குரலை அடையாளம் கண்டுகொண்டாள் என்றேன்.

14.03.2019, வியாழன்

பார்த்தன் அண்ணை இன்று காலை ஒன்பது இருபதுக்குக் காலமானார். நியூமோனியா. கடைசியாக எதுவும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முள் எடுக்கும் கத்தியால் வெட்டிய தழும்புகள் விரலெல்லாம் இருந்தன. அழுதேன். அவரை நான் நேசித்தேன் என்பதையும் எழுதிவைக்கவேண்டும்.

16.03.2019, சனி

மத்திய குழுக் கூட்டம் (அவசரக் கூட்டம்). வருகை: இருவர்.

கல்லில் என்ன பெயர் எழுதுவது என்று நகரசபை கேட்கிறது. டொக்டர் தலைமை தாங்கினார்.

"ஞானசீலன் எண்டே போகட்டும். தங்கச்சிக்காரி அங்க கிரியை செய்வாள். அந்தப் பெடியனுக்கும் கடைசியா ஒரு செத்தவீடு கிடைக்குது. இவருக்கும் கிடைக்குது. இதுக்கு மேல கிண்டக்கூடாது. இது தீர்மானம். நீர் என்ன சொல்லுறீர்?"

"இவற்ற சொந்தப் பேர் உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது. உமக்கு?"

"தெரியாது."

வாக்கெடுப்பில் நான் நடுநிலை வகித்தேன். தீர்மானம் நிறைவேறியது. கூட்டக் குறிப்பு எழுதினேன். முடிவில் டொக்டர் என் முகத்தைப் பார்க்காமல், "வேற ஏதும் அலுவல் இருக்கோ?" என்று கேட்டார்.

22.03.2019, வெள்ளி

அடக்கம். நிலம் உறைந்திருந்தது. இரண்டு நாள் சூடுகாட்டித்தான் தோண்டினார்கள். ஒன்பதுபேர் வந்தார்கள், இங்கெரும் வந்தாள்.

07.04.2019, ஞாயிறு

காலை பத்தரைக்குத் தவமலர் எடுத்தாள். அடுத்த சனிக்கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதித் தரும்படி கேட்டாள்.

"உங்கட எழுத்துத்தான் வடிவு அண்ணை. அம்பனைப் பிறப்பிடமாகவும் நோர்வேயை வதிவிடமாகவும் கொண்ட எண்டு தொடங்கி நீங்களே எழுதி விடுங்கோ."

"அம்மா எப்பிடி?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அம்மா சளியில இருந்து தப்பிட்டா. ஆனா அண்ணான்ர படத்துக்கு விளக்குக் கொளுத்த விடுறா இல்லை. 'ஆற்றயோ பிரேதத்துக்கு என்ர பிள்ளையின்ர படத்தை வைக்காதே' எண்டு கத்துறா. ஐயர் வந்தவரை வாசலோட கலைச்சுப்போட்டா. அயலட்டை எல்லாம் விசர் எண்டு கதைக்குது. நாளைக்கு மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்போறன் அண்ணை. மண்டைக்கு மருந்து தருவினமாம். குடிச்சால் சத்தமில்லாமல் படுத்திருப்பாவாம்."

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்த வீட்டில் உண்மை தெரிந்தது ஒரே ஒருத்திக்கு. அவளுக்குத்தான் மருந்து கொடுக்கப் போகிறார்கள். டொக்டருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அந்தச் சுத்தப் பிரதிக் கதையையும் முதல்முறையாகச் சொன்னேன். "தீர்மானத்தை மாத்த ரெண்டு வாக்கு வேணும்," என்றார். பிறகு, "என்ர வாக்கையும் போடும்," என்றார்.

ஒரு மணிக்கு மேசையில் இருந்தேன். பதினொன்றில் ஏன் அதைக் கொடுத்தீர் என்று போன வருடம் ஏப்ரலில் டொக்டர் கேட்டதற்கு இங்கே சரியான பதில். மற்றச் சான்றிதழ்கள் கசங்கியிருக்கவில்லை. யாராவது ஞானசீலன் என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் திரும்பிப் பார்க்கவேண்டும் என்றுதான் கொடுத்தேன். கூப்பிட்டது பெரும்பாலும் நான்தான். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எழுதியதை இங்கேயும் பதிகிறேன்.

'அம்பனைப் பிறப்பிடமாகக் கொண்ட வல்லிபுரம் ஞானசீலன் 17.06.1986 அன்று மாலை ஆறு மணிக்கு எங்கள் இயக்கத்தால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. தங்கச்சியின் சட்டைக்காகத் தையல் கடையில் காத்திருந்தார். அவர் குற்றவாளி என்ற அறிக்கையை எழுதியவன் நான். இல்லை என்ற அறிக்கையைப் பிந்திக் கொண்டுபோனவனும் நான். கொடிகாமத்துக்கு வடக்கே உள்ள தென்னந்தோட்டத்தில், பழைய கிணற்றுக்கு மேற்குப் பக்கமாக, மூன்றாவது வரிசையின் முடிவில் அவரைப் புதைத்தோம். இங்கே இறந்தவர் வேறொருவர். தண்டனை கொடுத்தவர் அவர். ஞானசீலனின் பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவன் நான். உங்கள் அம்மாவுக்கு அறளை பெயரவில்லை. அவர் சொன்னது முழுவதும் சரி. தயவுசெய்து மருந்து கொடுக்கவேண்டாம். கதிர்காமு பஞ்சலிங்கம், பிறப்பிடம் மட்டுவில்.'

என் சொந்தப் பெயரை எழுதி வருடக்கணக்காகிவிட்டது. கை ஓடவில்லை. மூன்று இடத்தில் வெட்டு. 'பிந்தி' என்பதற்கு முன்னால் 'கொஞ்சம்' என்று எழுதி அதை அடித்திருக்கிறேன். கிணற்றுக்குத் திசை பிழைத்து, கிழக்கை வெட்டி மேற்கு என்று போட்டிருக்கிறேன். கடைசி வரியில் மை இழுபட்டு ஊர்ப் பெயர் அரைவாசி அழிந்துவிட்டது. புதுத் தாள் ஒன்றை உருவி மேசையில் வைத்தேன். பேனை மூடியைக் கழற்றினேன்.

பிறகு மூடியைப் பூட்டிவிட்டு, வெட்டோடும் அடித்தலோடும் அந்தத் தாளையே போனில் படம் பிடித்து அனுப்பினேன்.

அனுப்பியபோது இங்கே இரண்டு இருபது. அம்பனில் ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. போன் அடிக்கிறது. எடுக்கப்போகிறேன்.